பதினேழு ஒன்றுகள்

ஈரச் சுண்ணாம்பு வாடை இன்றும் எனக்கு ஆகாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற எந்த வீட்டைக் கடந்தாலும், சுவர் காய்ந்ததும் அதிலிருந்து ஒன்றுகள் எட்டிப் பார்க்குமோ என்று நடையைக் கூட்டிவிடுகிறேன்.

உசிலம்பட்டியில் அப்பாவுக்குத் தானியக் கடை, கடைக்குப் பின்னால் வீடு. மதுரைக்குப் போய்க் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்த அண்ணன், ஒருநாள் பின்கட்டுச் சுவரில் அடுப்புக்கரியால் பதினேழு ஒன்றுகளை ஒரே எண்ணாக எழுதினான்: 11111111111111111. படியால் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்குவது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதால், அதைப் பார்த்த அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "அடியே, பாத்தியா, எம்புட்டு லாபம்! யாரும் அழிச்சிராதீங்க" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். விட்டால் சூடமே காட்டியிருப்பார்.

அண்ணனின் கவலை வேறு. அந்த எண் உடையுமா, அதாவது ஒன்றைத் தவிர வேறு ஏதாவது சிறிய எண் அதை மீதியில்லாமல் வகுக்குமா என்பதுதான். அதைக் கண்டுபிடிக்கச் சுற்றுவழி ஒன்று உண்டாம்: இரண்டைத் திரும்பத் திரும்பப் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால், உடையாத எண்ணாக இருந்தால் முடிவில் ஒன்று மிஞ்ச வேண்டும். மழைக்காலம் முழுக்கப் போட்டு முடித்தபோது வேறு ஏதோ மிஞ்சியது. "உடையும் பாப்பா, சத்தியமா உடையும். எது உடைக்கும்னுதான் தெரியல" என்றான். பூட்டிய அறைக்குள் ஆள் இருக்கிறது, யாரென்று தெரியவில்லை என்று சொன்னதுபோல எனக்குப் பயமாக இருந்தது.

அதன்பின் சோறு தண்ணி மறந்து வகுத்தான். பதினேழால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிற எண்களை மட்டும் பார்த்தால் போதுமாம். அதுவே கரை காணாத கூட்டம். பரீட்சையில் தவறினான். "கணக்கு இவனுக்குக் கிறுக்குப் புடிக்க வச்சிருச்சு" என்ற அப்பா, பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் முதலில் அந்தச் சுவரைத்தான் காட்டினார். அண்ணன் சண்டை போடவில்லை. ஈரச் சுவரின் முன் கொஞ்சநேரம் நின்றான். "மதுரை வரைக்கும் போயிட்டு வாரேம்மா" என்று கிளம்பினான். வரவில்லை.

மதுரை கோரிப்பாளையத்தில் பார்த்ததாக யாரோ சொல்ல, அப்பா அங்கே தெருத்தெருவாக அலைந்தார். சுவரோ காய்ந்ததும் ஒன்றுகளைக் காட்டிவிட்டது. கரிக்கறை சுண்ணாம்புக்கு அடங்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அடித்தோம், அவை மங்கலாக மேலே வந்துகொண்டே இருந்தன. நாளாக நாளாக அப்பா முதல் படியை வாய் திறக்காமல் சாக்கில் கொட்டிவிட்டு, "ரெண்டு" என்றே அளக்கத் தொடங்கினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது, காணாமல் போனவனுக்கும் சேர்த்துக் காரியம் செய்துவிடலாம் என்று சொந்தங்கள் சொன்னார்கள். அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். "எம்புள்ள இருக்கான். எங்கன்னுதான் தெரியல."

இப்போது நானும் அம்மாவும் ஆனையூரில் இருக்கிறோம். அந்த வீடு இல்லை, அந்த இடத்தில் ஒரு செல்போன் கடை. படி போய் எடைமெஷின் வந்துவிட்டது. லாபம் என்று அளக்கிறவர் யாரும் என் கண்ணில் படுவதில்லை. இத்தனை வருடமும் பயந்து தள்ளிப்போட்டதைப் போன வாரம் செய்தேன். எது உடைக்கும் என்று கேட்டுக் கைபேசியில் பதினேழு ஒன்றுகளையும் தட்டினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது: 2071723, 5363222357. ஒன்றோடொன்று பெருக்கினால் அண்ணனின் எண். இதற்குத்தானா என்று கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அண்ணன் செவுத்துல எழுதுன கணக்கு உடைஞ்சிருச்சும்மா" என்றேன்.

கை நின்றது. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அவனுக்குத் தெரியுமா?"