நான்கு மூலையிலும் மஞ்சள்

அந்த ரயில் டிக்கெட்டைத் தொலைத்தது என் சம்பந்தியம்மா அல்ல. தவறு என்னுடையது, அதை அவர் தலையில் போட்டவனும் நான்தான். ஏழு வருடங்களாக இதை யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட.

என் மகளைச் சோரியாங்குப்பத்தில் கொடுத்திருக்கிறோம். மருமகனுக்குப் பிரான்சில் வேலை, மகளும் அங்கேதான். அவருடைய அம்மா, கணவர் போன பிறகு ஒரு காணி கரும்பையும் இரண்டு மாடுகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவர். மகளுக்குத் தலைப்பிரசவம் என்று நான், என் மனைவி, அவர் மூவரும் கிளம்பினோம். விமான நிலையத்திலிருந்து மகள் இருக்கும் ஊருக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். மருமகன் முன்பதிவு செய்து ஆளுக்கொரு தாள் அனுப்பியிருந்தார். தாளின் மேல்மூலையில் கட்டம் கட்டமாக ஒரு குறி. அதை அங்கே ஸ்டேஷனில் இருக்கும் மெஷினிடம் காட்டினால் டிக்கெட் வந்து விழும். வில்லியனூர் பிரவுசிங் சென்டரில் மூன்றையும் பிரிண்ட் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்தவன், பிரெஞ்சும் படித்தவன் என்பதால் எல்லாக் காகிதமும் என் பையில்தான்.

கிளம்பும் நாள் காலையில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் குழைத்தேன். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல மூன்று தாள்களுக்கும் நான்கு மூலையிலும் தடவினேன். வகுப்பில் இதையெல்லாம் கிண்டல் செய்தவன் நான். ஆனால் முதல்முறை விமானம் ஏறுகிற பயம். ஈரம் காய்வதற்குள் கார் வந்துவிட்டது. மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மெஷின் முன்னால் நின்றபோது இரண்டு தாள்களுக்கு டிக்கெட் வந்தது. மூன்றாவது தாளில் மஞ்சள் அந்தக் குறியின் மேலேயே அப்பிக் காய்ந்திருந்தது. சம்பந்தியம்மாவின் தாள். மூன்று தடவை காட்டினேன், மூன்று தடவையும் சிவப்பு விளக்கு. நகத்தால் சுரண்டினேன், குறியும் சேர்ந்து உரிந்தது. பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் சத்தமாகப் பெருமூச்சு விட்டார். ரயிலுக்கு எட்டு நிமிடம்தான் இருந்தது. தாளிலேயே அச்சாகியிருந்த ஆறு எழுத்துகளைக் கையால் அடித்திருந்தால் டிக்கெட் வந்திருக்கும். அது அப்போது கண்ணில் படவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். மஞ்சள் பூசிய தாளை ஒரு வெள்ளைக்காரரிடம் நீட்டக் கூசியது.

"வந்துடுச்சாண்ணா?" என்றார் சம்பந்தியம்மா.

"வந்துடுச்சி, வாங்க" என்றேன்.

ரயில் புறப்பட்டுக் கால் மணி நேரம் ஆகியிருக்கும், பரிசோதகர் வந்தார், உயரமான ஒரு பெண். இரண்டு டிக்கெட்டுகளை நீட்டினேன். மூன்றாவது எங்கே என்று கேட்டாள்.  ஏமாற்றி ஏறியதாக எழுதுவார்கள், போலீஸ் வரும், மகளைப் பார்க்காமலே திருப்பி அனுப்புவார்கள் என்று என்னென்னவோ தோன்றியது. எனக்குத் தெரிந்த நல்ல பிரெஞ்சில் சொன்னேன்: "இந்த அம்மாவிடம் கொடுத்தேன். இவர் தொலைத்துவிட்டார்." பிறகு தமிழில் திரும்பினேன்.

"சம்மந்தி, ஒங்க டிக்கெட்ட ஒங்ககிட்ட குடுத்தேனே, எங்க வச்சீங்க?"

"என்கிட்டயா? எப்பண்ணா குடுத்தீங்க?"

"மெஷின்கிட்டதான். கையிலயே குடுத்தேனே."

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. வாத்தியார் சொல்கிறார் என்று நம்பினார். பையைக் கவிழ்த்தார். பேரப்பிள்ளைக்குக் கறுப்பு வளையல், வசம்பு, விளக்கெண்ணெய்ப் பாட்டில், முறுக்குப் பொட்டலம் எல்லாம் மடியில் விழுந்தன. ஒவ்வொன்றையும் உதறிப் பார்த்தார். புடவை மடிப்பை அவிழ்த்துத் தேடினார். கீழே குனிந்து சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். பரிசோதகர் அவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு, இறங்கும் இடத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிப் போனாள். மீதி வழி முழுக்க சம்பந்தியம்மா என் மனைவியின் கையைப் பிடித்தபடி, "என்ன ஜெயில்ல வச்சிடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு வேறு பயம். அந்தத் தாள் என் சட்டைப் பைக்குள் மொறமொறத்தது. மூச்சுவிட்டால் அவருக்குக் கேட்டுவிடும்போல இருந்தது.

ஸ்டேஷனில் மருமகன் அபராதம் கட்டினார். "ஒரு டிக்கெட்ட பத்திரமா வச்சிக்கத் தெரியலியாம்மா?" என்று எங்கள் முன்னாலேயே கேட்டார். சம்பந்தியம்மா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நானும்தான்.

அதோடு முடியவில்லை. அம்மாவுக்கு ஞாபகம் தப்புகிறது என்று மருமகன் முடிவு கட்டிவிட்டார். இரண்டாவது பிரசவத்துக்கு எங்களை மட்டும் அழைத்தார்கள். குழந்தையின் மொட்டைக்கும் அவர் இல்லை. போன பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் சோரியாங்குப்பம் போயிருந்தேன். அவர் என்னோடு தெருமுனைவரை வந்தவர், பாதியில் நின்றார்.

"கேஸ அணச்சனாண்ணா? நீங்க பாத்தீங்களா?"

ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாலு எட்டு வைத்ததும் மறுபடி ஓடினார். பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "தினோம் இதான் சார். வூட்ட பூட்டிட்டு என்ன இஸ்த்துனு போயி காட்டும், பூட்டிக்குதா பாருடின்னு."

ஒரு காணி கரும்புக்கு எந்தக் கிழமை தண்ணீர் விட்டோம் என்று விரல் மடக்கிச் சொன்ன மனுஷி.

வீட்டுக்கு வந்து அகராதிக்குள் ஒளித்திருந்த தாளை எடுத்தேன். அதன்பிறகும் பஸ் ஏறத் தைரியம் வர எட்டு நாளானது. நான் போனபோது சம்பந்தியம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். தாளை நீட்டி எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தவிட்டுக் கையோடு வாங்கி, மஞ்சள் மூலையை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாண்ணா சொல்றீங்க? அப்ப நான் தொலைக்கலியா?"

"இல்ல. நான் ஒங்ககிட்ட குடுக்கவே இல்ல."

"ஏழு வருஷமா என் புத்தி கெட்டுப்போச்சின்னு நானே நம்பிக்கினு இருக்கறேன். சோத்துல உப்பு போட்டனான்னுகூட பயம்." தவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தார். "மன்னிப்பு எனக்கு இன்னாத்துக்கு? என் புள்ளைக்குச் சொல்லுங்க. இப்ப, இங்கியே, என் எதுருல."

வீடியோ காலில் மருமகன் முகம் தெரிந்தது. சொல்லி முடித்தேன்.  அவர், "மாமா, அம்மாகிட்ட போனக் குடுங்க" என்றார். நான் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். என் மகள் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. என் மனைவி அதற்கும் மேல்.

இந்த ஆண்டு சம்பந்தியம்மா தனியாகவே பிரான்ஸ் கிளம்பினார். வில்லியனூருக்கு வந்து தானே பிரிண்ட் எடுத்துக்கொண்டு, படிக்கச் சொல்லி என்னிடம் வந்தார். தாளின் ஒரு முனையைக் கடைசிவரை விடவில்லை. எந்த நடைமேடை, எத்தனை மணி, கையால் அடிக்க வேண்டிய எழுத்துகள் எவை என்று மூன்று தடவை சொன்னேன்.

"மஞ்ச..." என்று ஆரம்பித்தேன்.

"பின்பக்கமா தடவிக்கறேன்" என்றார்.

அவர் ரயில் ஏறுகிற அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே நாலு மணி, அங்கே பன்னிரண்டரை. சிவப்பு விளக்கும், பின்னால் நிற்கும் வரிசையும், அந்த உயரமான பெண்ணும் கண்முன்னே வந்து வந்து போனார்கள். ஆறரைக்கு என் மனைவியின் போன் அடித்தது. என்னைக் கூப்பிடவில்லை. ஆனாலும் பக்கத்தில் போய் நின்றேன். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"டிக்கெட்டு கேட்டாங்களா சம்மந்தி?" என்றேன்.

"கேட்டாங்க. காட்னேன்" என்றது அந்தக் குரல். "என்கிட்டதான இருந்துச்சி."