எந்தக் காலனி?

எங்கள் பக்கத்தில் ‘சீரியஸ்’ என்றால் சாகக் கிடக்கிறார்கள் என்று பொருள். வேறு பொருளே கிடையாது. கல்வராயன் மலைமேல் இருக்கும் ஓர் அரசுப் பள்ளியில் நான் ஆங்கிலம் நடத்துகிறேன். நிரந்தர வேலை இல்லை, தொகுப்பூதியம். மத்தியான வகுப்பில் நின்றபோது தங்கை போன் செய்தாள். “அக்கா, அம்மா சீரியஸ்ஸு. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறோம். நீ நேரா கள்ளக்குறிச்சி வந்துடு.” அந்தச் சொல்லுக்கு அகராதியில் எத்தனை பொருள் இருந்தால் எனக்கென்ன? மலை இறங்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் பலாப்பழம் வைத்திருந்த அம்மாள் தன் முந்தானையை எடுத்து நீட்டினார்.

அம்மா சாகவில்லை. பக்கவாதம். வலது காலும் வலது கையும் விழுந்துவிட்டன. கால் மெல்லத் தேறியது, பிடித்துக்கொண்டு நான்கு எட்டு வைத்தாள். கைதான் ஒத்துழைக்கவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. ஆஸ்பத்திரியில் எக்ஸர்சைஸ் சொல்லிக்கொடுக்கும் பெண் தெளிவாகச் சொன்னாள்: “டெய்லி கூட்டிக்கினு வாங்கக்கா. மொத ஆறு மாசந்தான் முக்கியம். அதுக்குள்ள விரலைத் தெறக்க வெச்சிட்டோம்னா அவங்களே சோறு பெசஞ்சு தின்னுவாங்க. வுட்டுட்டீங்கன்னா இறுகிப் பூடும்.”

நாங்கள் இருப்பது வடக்கனந்தல். பஸ் படியில் அம்மாவால் ஏற முடியாது. தினம் ஆட்டோ வைக்க எனக்குக் கட்டுப்படியாகாது. வைத்தாலும் அவ்வளவு தூரம் குலுங்கி வந்தபிறகு அவளுக்குக் கை தூக்கத் தெம்பு இருக்காது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், கீழ்த்தளத்தில், படி இல்லாத ஒரு வீடு வேண்டும். அது கிடைத்தால் கை திறக்கும். அவ்வளவுதான் விஷயம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரம் ஆனபிறகு வீட்டுக்காரர்களுக்கு மவுசு கூடிவிட்டது. எல்லாரும் முதலில் எந்த ஊர் என்று கேட்பார்கள். சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: “ஊருக்குள்ளயா, காலனியா?”

காலனி என்று சொல்லிவிட்டால் வீட்டை நேற்றுத்தான் யாருக்கோ பேசி முடித்திருப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் காலனி என்றால் சேரி. ஊர் தனி, காலனி தனி. சேரி என்று சொல்ல வாய் கூசியவர்களுக்கு இங்கிலீஷ்காரன் சொல் ஒன்று வசதியாகக் கிடைத்தது. பேரை மாற்றினார்கள், கேட்பதை மாற்றவில்லை. கல்லூரி முடித்து ஒரு நேர்காணலுக்காகச் சென்னை போனபோது பேங்க் காலனி, ஆபீசர்ஸ் காலனி என்று பெரிய பெரிய கேட்டுகளில் எழுதியிருந்ததைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அடக் கடவுளே, இவர்களும் நம்ம ஆட்களா என்றுதான் முதலில் தோன்றியது. விஷயம் தெரிந்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இன்னும் யாரிடமும் முழுதாகக் கொட்டியதில்லை. அதே சொல் அவர்களுக்குக் கௌரவம், எங்களுக்குச் சாக்கடைக்கு அந்தப் பக்கம்.

அலைந்து அலைந்து கடைசியில் ஒரு வீடு அமைந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி, வாசலில் ஒரு படிகூட இல்லை. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், ஆங்கில வாத்தியார். நானும் ஆங்கிலம் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவருக்கு ஒரு பெரிய மனக்குறை. தமிழ்நாட்டு ஜனங்கள் இங்கிலீஷ் சொற்களை எடுத்துக் கண்டபடி அர்த்தத்தைக் கெடுத்துவிட்டார்களாம்.

“‘எக்ஸ்பயர் ஆயிட்டாரு’ன்றான். மனுஷன் இன்னா மாத்திரையா, தேதி முடிஞ்சு போறதுக்கு? ‘ஃபீல் பண்ணாத’ன்றான். ஃபீல் பண்ணாம இருக்க அவன் இன்னா கருங்கல்லா? ‘மிஸ்டு கால் குடு’ன்றான். மிஸ் ஆவறத எப்டி டீச்சர் குடுக்க முடியும்?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா விழுந்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். “புரியுது இல்ல சார், அப்பறம் இன்னா?” என்று வம்புக்கு இழுத்தேன்.

“புரிஞ்சிட்டா போதுமா? ஒரு சொல்லு எங்க பொறந்துச்சு, எப்டி வந்துச்சுன்னு பாக்க வாணாமா? அதுக்குன்னு ஒரு மரியாதை இல்லையா?” நெற்றி நரம்பு புடைக்கப் பேசினார். சொல்லுக்காக இவ்வளவு கோபப்படுகிற மனிதர் நல்லவராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன்.

அம்மாவின் கை பற்றிச் சொன்னேன், ஆறு மாதக் கணக்கையும் சொன்னேன். “அடடா” என்று எழுந்துபோய்க் குளியலறையைக் காட்டி, சுவரில் பிடிமானத்துக்கு ஒரு கம்பி அடித்துத் தருவதாகச் சொன்னார். பிறகுதான் கேட்டார்.

“வடக்கனந்தல்ல எங்க?”

“காலனிதான் சார்.” பட்டென்று சொல்லிவிட்டேன். மறைத்துப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை.

“ஓ, காலனியா! நல்லதாப் போச்சு. டீசன்ட்டான ஆளுங்க. வூட்டு முன்னால செடிகொடில்லாம் அழகா வெச்சிருப்பாங்களே!”

எங்கள் வீட்டு வாசலில் ஒரு கனகாம்பரச் செடி உண்டு. “வெச்சிருக்கோம் சார்” என்றேன். வீட்டுக்கு வந்து தங்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு மனுஷன் இருக்கார்டி, கள்ளக்குறிச்சியில் ஒரே ஒரு மனுஷன் இருக்கார்டி என்று அழுதேன்.

பால் காய்ச்ச ஒரு சனிக்கிழமை காலையில் போனோம். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், தங்கை அடுப்புக்கு முன்னால் நின்று முணுமுணுவென்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்திருந்தோம். அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கல்யாணத்துக்குப் போகிற புடவையைக் கட்டிவிட்டிருந்தோம். தலைமை ஆசிரியரின் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பிரியமாகப் பேச்சுக் கொடுத்தார்.

“உங்க வூட்டுக்காரரு மில்லுல இன்னா வேலையில இருந்தாருங்க?”

“மில்லா?” அம்மாவுக்குப் பேச்சு நிதானமாகத்தான் வரும். “அவுரு கரும்பு வெட்டப் போவாருங்க. வெட்டி லாரில ஏத்திவுட்டா அது மில்லுக்குப் போவும்.”

“மில் காலனின்னு எங்க வூட்ல சொன்னாரே?”

“அது ஆபீசருங்க இருக்கறதுங்க. எங்குளுது ஊர்க் காலனி. எங்க சனம் இருக்கற காலனிங்க.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் சுற்று வட்டாரத்தில் சர்க்கரை ஆலைக்காரர்கள் குடியிருக்கும் ஒரு காலனி உண்டு, வரிசையாக வீடும் ரோஜாச் செடியுமாக இருக்கும். நான் சொன்ன சொல்லுக்கு அவர் அதை எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் காலனி என்றால் எங்கள் காலனிதான், அதைத்தான் சொன்னேன். அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனார். பால் பொங்கத் தொடங்கியிருந்தது.

தலைமை ஆசிரியர் வந்து, “டீச்சர், ஒரு நிமிஷம்” என்று என்னைக் காம்பவுண்டு சுவர்ப் பக்கம் அழைத்துப் போனார்.

“தப்பா நெனச்சிக்காதீங்க. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. வூட்லதான் கொஞ்சம் சென்டிமென்ட் பாப்பாங்க.”

“சென்டிமென்ட்டுன்னா இன்னா சார் அர்த்தம்?”

அவர் சட்டைப்பையைத் துழாவினார்.

“சொல்லுங்க சார். எங்க பொறந்துச்சு அந்தச் சொல்லு? அதுக்கு மரியாதை வாணாமா?” என் குரல் தெருவரைக்கும் போயிற்று. அவர் நான் கொடுத்திருந்த முன்பணத்தை என் கைப்பையின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டிருப்பேன். கூடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

தங்கை பால் பாத்திரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஒரு சொட்டுகூட அந்த வீட்டில் கொட்ட அவளுக்கு மனசில்லை. வழி நெடுக அது தளும்பி அவள் மடியை நனைத்தது. பாதி தூரம் வந்ததும் அம்மா கேட்டாள்: “ஏன்டி, நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்?”

“நீ ஒண்ணும் தப்பா சொல்லலம்மா.”

“இல்ல, இங்கிலீஷு வார்த்தையாச்சே, வேற மாரி சொல்லணுமோ இன்னமோன்னு கேட்டேன்.”

அதற்குப் பிறகும் வீடு தேடினேன். ஒன்று மூன்றாவது மாடி. ஒன்றில் மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே நிற்கும் என்று பக்கத்து வீட்டுக்காரரே எச்சரித்தார். மற்றவர்கள் அதே காலனிக் கேள்வியைத்தான் கேட்டார்கள். முடிந்த நாளில் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனோம். தினமும் போனது வாரம் இரண்டு தடவை ஆயிற்று, பிறகு ஒரு தடவை. மழை பிடித்துக்கொண்டது. தங்கை வேலை பார்க்கும் கடையில் லீவு கேட்டதற்கு அவளை நிறுத்திவிடுவோம் என்றார்கள். ஒரு நாள் அம்மாவே “போதும் வுடு, எனக்காவ நீங்க ஏன் சாவறீங்க” என்று படுத்துக்கொண்டாள். வீட்டிலேயே விரலைப் பிடித்து நீவினோம். நமக்கு என்ன தெரியும்? ஆறு மாதம் முடிந்து காட்டப் போனபோது அந்தப் பெண் விரலைப் பிரித்துப் பார்த்தாள், வரவில்லை. நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகாமல் இருக்கத் துணி சுருட்டி வைக்கச் சொன்னாள்.

அம்மா இப்போது இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறாள். பாதி மடியில் சிந்தும். அந்த வெட்கத்தில் எங்களோடு உட்காராமல், எல்லாரும் எழுந்தபிறகுதான் தட்டைக் கேட்கிறாள்.

இதெல்லாம் நடந்து வெகுநாள் கழித்து, காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அந்த வாரமே கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். சின்னசேலம் பஸ்ஸுக்காக நின்றிருந்தார், கையில் பேப்பர். ஒதுங்கிப் போய்விடலாம் என்று திரும்பினேன். அவர்தான் விடாமல் கூப்பிட்டார், ஏதோ பழைய சிநேகிதம் போல.

“பாத்தீங்களா டீச்சர் இந்த அநியாயத்த? காலனி எவ்ளோ நல்ல சொல்லு! லத்தீன்லருந்து வந்தது. உழுது பயிர் வெச்சுக் குடியிருக்கற எடம்னு அர்த்தம். நம்மாளுங்க அர்த்தத்தக் கெடுத்துட்டு, இப்ப சொல்லையே தூக்கறேன்றாங்க. சொல்லு இன்னா பாவம் பண்ணுச்சு? நாலு வரி பேப்பருக்கு எழுதலாம்னு இருக்கேன். உங்கள மாரி இங்கிலீஷ் படிச்சவங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா நல்லாருக்கும்.”

“நான் மாட்டேன் சார்.”

“ஏன்? வேற பேரு வெச்சா மட்டும்? ஜாஸ்தி நாளு வாணாம், அந்தப் பேரும் இப்டியேதான் ஆவும், பாத்துக்கினே இருங்க.”

“ஆவும் சார். நீங்கல்லாம் இருக்கறவரைக்கும் ஆவும்.”

அவருக்கு அது உறைக்கவில்லை. அல்லது உறைத்தும் பெரிய மனுஷத்தனமாக விட்டுக்கொடுத்தார். பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, குரலை இறக்கி, உண்மையான அக்கறையோடுதான் விசாரித்தார்.

“அம்மாவுக்கு கை எப்டி இருக்குது?”

“வெளங்கல சார். மடங்கினது மடங்கினதுதான்.”

“அடடா” என்றார். “மொத ஆறு மாசத்துல டெய்லி எக்ஸர்சைஸ் குடுத்திருந்தா கண்டிப்பா சரியாயிருக்குமே. படிச்சவங்க நீங்க, ஏன் டீச்சர் வுட்டுட்டீங்க?”