நான் அழித்த மூச்சுக்குறி

"இஞ்சருங்கோ, உங்கட இத்தாலிக்காரர் போயிட்டாராம்" என்று மனைவி தொலைபேசியைப் பிடித்தபடி சொன்னபோது நான் சவரம் செய்துகொண்டு நின்றேன். பாதி முகத்தில் நுரையோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். விம்பிள்டன் கோயில் திருவிழாவுக்கு என்னோடு வந்து, தவில்காரருக்கு முன்னால் வெறுங்காலோடு அசையாமல் நின்ற அந்த நெடிய மனிதரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவர்தான் விட்டோரியோ. பாடியே நடிக்கும் ஒப்பரா நாடகங்களுக்கு லண்டனில் வாத்தியக் குழுவை நடத்தியவர்.

யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்த எனக்கு, எண்பதுகளில் அவருடைய அரங்கின் இசைத்தாள் அறையில் வேலை கிடைத்தது. நடத்துநர் சொல்வதை ஒவ்வொரு வாத்தியக்காரரின் தாளிலும் பென்சிலால் குறிக்கவேண்டும். முன்பிருந்த நடத்துநரின் குறிகளை ரப்பரால் அழிக்கவேண்டும். சங்கீதம் எனக்கு மருந்துக்கும் தெரியாது. ஆனால் நான் அழித்தால் தாள் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

விட்டோரியோவுக்குக் கோபம் மூக்கு நுனியில். ஒத்திகையில் மூன்று பாஷையில் ஏசுவார். பிறகு என் அறைக்கு வந்து பெட்டியொன்றில் உட்கார்ந்து பாண் துண்டொன்றைக் கடித்தபடி சொல்வார்: "பாடுகிறவர் மூச்செடுக்கும்வரை காத்திருப்பதுதான் என் வேலை. மிச்சமெல்லாம் கையாட்டல்." கோயிலிலும் அதைத்தான் கண்டார். "நாதஸ்வரக்காரர் மூச்செடுக்கத் தவில்காரர் காத்திருக்கிறார். என்னைப்போல ஒருவன் இங்கே தேவையில்லை" என்றார். கொஞ்சம் பொறாமைதான்.

எலேனா என்ற பாடகி அவருடைய ஊர்க்காரி, இளமைக்காலச் சிநேகிதி. நாடகமொன்றின் கடைசி அங்கத்தில் உச்ச சுருதிக்கு ஏறுமுன் அவளுக்கு ஒரு மூச்சு வேண்டும். அதற்காக வயலின் தாள்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் நின்று காத்திருக்கும்படி ஒரு சிறு குறி போடுவித்திருந்தார். பழைய குறிகளைத் துடைத்த நான், அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன். சனிக்கிழமைப் பகல் காட்சியில் தாளையே நம்பிய வயலின்கள் நிற்காமல் பாய்ந்தன. எலேனாவின் குரல் நடுவில் உடைந்தது. முழுச் சபையும் கேட்டது.

திரை விழுந்ததும் ஓடிப்போய், "நான்தான் அழித்தேன்" என்றேன். "கழுதை!" என்று கத்தினார். அடுத்த மூச்சில், "உம்முடைய மனைவியின் விசா வந்துவிட்டதா?" என்று கேட்டார். வரவில்லை. மனைவியும் கைக்குழந்தையும் கொழும்பில் ஒரு லாட்ஜ் அறையில் காத்திருந்தார்கள். வேலை போனால் அவர்கள் வரவே ஏலாது. அதை அவர் அறிவார். நேரே அரங்கின் மனேஜரிடம் போனார். "என் கை முந்திவிட்டது" என்றார். வயலின்காரர்கள் வாய் திறக்கவில்லை. நானும்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. அதன் பிறகு எலேனா அவரோடு பாடவில்லை, பேசவுமில்லை. மனைவியும் மகளும் வந்து சேர்ந்ததும், எலேனாவிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். "அந்த மனேஜர் இன்னும் இருக்கிறார். வாயை மூடும்" என்றார். தொண்ணூறுகளில் மனேஜர் விலகிப்போனார். மறுபடி கேட்டேன். "இப்போது சொன்னால் அவளுடைய இத்தனை வருடக் கோபமும் வீணாகிவிடும், பாவம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

போன கிழமை தேவாலயத்தில் அவருடைய சவப்பெட்டிக்கு அருகே எலேனா நின்றாள். மகளையும் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திடுக்கிடவேயில்லை.

"அவர் கை முந்தவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்காகக் காத்து நின்ற கை அது. என்னிடம்கூடப் பொய் சொன்னாரே, அதுதான் என் கோபம். யாருக்காக என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

பிறகு என் மகளை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் குழந்தை இவளா?" ஓம் என்று தலையாட்டினேன். மகளின் கையைப் பிடித்தவள், பூசை முடியும்வரை விடவில்லை.

வாத்தியக் குழுவை நடத்த அவர் பிடித்த கோலோ பென்சிலோ படமோ என்னிடம் இல்லை. பின்னேரம் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து "வாறன்" என்று இரண்டு குரல்கள் கேட்கும். அவை அவர் தந்தவை.