அண்ணி என்றே எழுதுங்கள்

நாத்தனாரின் இடது கை முஷ்டியாக மூடிக்கொண்டு வருடங்கள் ஆகின்றன. பக்கவாதம் செய்த வேலை. அண்ணி அந்தக் கையில் வெந்நீர்த் துணியைச் சுற்றி, சற்றுப் பொறுத்து, மணிக்கட்டை மெல்ல மடக்கினாள். விரல்கள் தாமாகத் தளர்ந்தன. இழுத்தால் இன்னும் இறுகும். அவசரக்காரிக்கு ஆகாத வேலை. நகவெட்டியை எடுத்தாள்.

"விரலையும் சேர்த்து வெட்டிடாதீங்க அண்ணி."

"நகத்தைவிட உன் நாக்குதான் நீளமா வளந்திருக்கு. முதல்ல அதை வெட்டணும்."

எதிர் நாற்காலியில் இருந்த வக்கீலம்மா காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டவள் அண்ணி. கணவன் இறந்த பிறகு அவன் தங்கை படுத்த படுக்கையாகவே, வேலையை விட்டாள். வீட்டு நோயாளிக்காக வேலையை விட்டவர்களுக்கு வயதான காலத்தில் அரசு ஓய்வூதியம் உண்டு. இவள் விண்ணப்பம் மட்டும் திரும்பி வந்தது. பெற்றோர், துணை, பிள்ளை, உடன்பிறந்தவர் இவர்கள்தான் குடும்பமாம்; கணவனின் தங்கை கணக்கில் இல்லையாம். அந்த விதியே அரசியல் சாசனத்துக்கு முரண் என்று வழக்குப் போட்டிருந்தார்கள். தோற்றால் வாடகைக்கு வழியில்லை. அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்வதாக மகன் சொன்னான். அத்தையை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடலாமாம்.

"'கூடப்பிறந்தவ மாதிரி'ன்னு ஒரு வரி போட்டுக்கறேன்மா. எடுபடும்," என்றாள் வக்கீலம்மா.

"பொய் எதுக்கு?" படுக்கையிலிருந்து குரல் வந்தது. "கூடப்பிறந்த எங்கக்கா என்னை எட்டிக்கூடப் பாக்கல. இவங்க அண்ணி. அண்ணின்னே எழுதுங்க."

"சரி, அம்மா மாதிரின்னு?"

"ஐயையே, இவ்ளோ வாயாடியை நான் எப்பப் பெத்தேன்?" என்றாள் அண்ணி.

விசாரணை நாளன்று பக்கத்து வீட்டுத் தையல்காரியைத் துணைக்கு வைத்துவிட்டு அண்ணி நீதிமன்றம் போனாள். ரத்த சம்பந்தம் இல்லை, சட்டக் கடமையும் இல்லை, தானாக விரும்பிச் செய்தது என்று அரசு வக்கீல் அடுக்கினார். மூத்த நீதிபதி அவள் பக்கம் திரும்பினார்.

"உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வருமாம்மா?"

வக்கீலம்மா கண்ணால் ஜாடை காட்டினாள். அண்ணி கவனிக்கவில்லை.

"வராம என்னங்கய்யா? தினமும் வரும். சண்டை போட்டுக்கிட்டேதான் புரட்டிப் படுக்க வைப்பேன். கோவம்னு சும்மா இருந்தா முதுகுல புண்ணு வந்துடுமே?"

எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, குனிந்து எதையோ குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு வரப் பல வாரம் ஆயிற்று. குடும்பம் யார் என்ற அந்தப் பட்டியல் செல்லாது. உண்மையில் யார் பார்த்துக்கொண்டாரோ அவருக்கு ஓய்வூதியம் தர வேண்டும். வக்கீலம்மா போனில் சொன்னதும் அண்ணி மகனை அழைத்தாள். "அத்தை எங்கயும் போகல. நானும் வரல. உடம்பைப் பாத்துக்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, போட்டது போட்டபடி படுத்துவிட்டாள்.

மறுநாள் வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் விழித்தாள். பதறி ஓடினால், நாத்தனார் நனைந்த விரிப்பில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தாள்.

"ஏண்டி, கூப்பிட்டா என்ன? வாய்க்குமா வாதம்?"

"தூங்கறீங்களேன்னு விட்டேன்."

"ஈரத்துல கெடந்து புண்ணு வந்தா யாரு பாக்கறது?"

"நீங்கதான். கோர்ட்டே சொல்லிடுச்சே."

அண்ணி அவளை ஒருக்களித்துத் திருப்பித் தன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, விரிப்பை உருவினாள்.