எல்லை தீரட்டும்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஆபீசில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டு வருவேன். சோறு போட்டு வைத்தால் பாதியில் எழுந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். அப்படிப்பட்ட நான், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற விஷயத்தில் மட்டும் இரண்டு வருஷம் நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஐம்பத்திநாலு ஜூனில் அவளுக்கு ஐந்து முடிந்திருந்தது. ஆரியசாலைப் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். சொந்த ஊர் நாகர்கோவிலுக்குப் பக்கம். திருவனந்தபுரத்தில் எனக்குச் சர்க்கார் குமாஸ்தா வேலை. சந்து முனையில் திரும்பினால் ஒரு மலையாளப் பள்ளிக்கூடம். சாலைக் கடைவீதியைத் தாண்டினால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். வேறு யாராக இருந்தாலும் ஒரு காலையில் காரியத்தை முடித்திருப்பார்கள்.

ஆனால் அப்போது எங்கே போனாலும் எல்லைப் பேச்சுதான். எங்கள் ஊர்ப் பக்கம் சென்னை ராஜ்யத்தோடு சேருமா, இங்கே திருவிதாங்கூர்-கொச்சியிலேயே இருக்குமா? சேர்ந்தால் நான் அந்தப் பக்கம் வேலைக்கு எழுதிக் கேட்டுப் போய்விடலாம். மலையாளத்தில் தொடங்கிய பிள்ளை அங்கே முழிக்கும். சேராவிட்டால் வாழ்வு முழுக்க இங்கேதான். தமிழில் தொடங்கிய பிள்ளையை இங்கே யார் வேலைக்கு எடுப்பார்கள்? இதையே புரட்டிப் புரட்டி யோசித்து எனக்குத் தலை வலித்தது.

"இந்த ஜூன் போகட்டும். முதல்ல எல்லை தீரட்டும்" என்றேன் மனைவியிடம்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எல்லை தீருறது வரைக்கும் பிள்ளைக்கு வயசு ஏறாம நிக்குமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால்தான் வந்தது.

காலையில் மலையாளப் பள்ளிக்கூடத்து வாசலிலும், சாயங்காலம் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலிலும் போய் நிற்பேன். ஒன்றில் கூரை ஒழுகுவதாகத் தோன்றும். மற்றதில் வாத்தியார் கையில் பிரம்பு பெரிதாகத் தெரியும். திரும்பும் வழியில், சாலையில் வெல்லக்கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் ஏறுவேன். "அடுத்த மாசம் தீந்துரும் வேய், பாரும்" என்பார் அவர். அடுத்த மாதமும் அதையேதான் சொல்வார். நானும் அதைக் கேட்கத்தான் போனேன்.

அடுத்த ஜூனும் வந்து போனது.

அடுத்த வீட்டுப் பெண் அந்த வருஷம் மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். என் மகள் தினமும் தலை சீவிக்கொண்டு அவளோடு கிளம்புவாள். பள்ளிக்கூட வாசல் வரை கூடப் போவாள். மணி அடித்ததும் தனியாகத் திரும்பி வருவாள். ஒருநாள் நான் ஆபீசுக்குப் போகும்போது எதிரே வந்துகொண்டிருந்தாள். பார்க்காதது மாதிரி அடுத்த சந்தில் நுழைந்துவிட்டேன். பெற்ற பிள்ளைக்குப் பயந்து ஒளிந்தவன் நான்.

ஐம்பத்தாறில் முடிவு தெரிந்துபோயிற்று. எங்கள் ஊர் அந்தப் பக்கம். வெல்லக்கடைக்காரர் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார். வீட்டுக்கு வந்து, மாற்றல் கேட்டு மனு எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், கிழித்தேன். நாலு நாள் இப்படியே போயிற்று. போகலாம் என்று ஆனபிறகுதான், எனக்குப் போக மனசில்லை என்பது தெரிந்தது. இந்த ஊரை விட்டு நான் எங்கேயும் போகிறவன் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எந்த எல்லையும் தீர வேண்டியிருக்கவில்லை.

அந்த ஜூனில் அவளை மலையாளப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தலைமை டீச்சர் ரிஜிஸ்தரை விரித்து, "வயஸ்ஸ் எத்ர?" என்று கேட்டார்.

"அஞ்சு" என்றேன்.

நினைத்து வைத்துக்கொண்டு போன பொய் இல்லை. நான் தொலைத்த இரண்டு வருஷத்தைக் காகிதத்திலாவது அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது, வாயில் வந்துவிட்டது. டீச்சர் நிமிர்ந்து அவள் உயரத்தைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் சாய்ந்து அவளையே கேட்டார்:

"மோளே, மோள்க்கு எத்ர வயஸ்ஸாயி?"

முந்தின நாள்தான் வெல்லக்கடையில் ஏழு விரலை நீட்டிக் காட்டியவள் அவள். யார் கேட்டாலும் ஏழு என்று பெருமையாகச் சொல்லுவாள். கேட்காதவர்களுக்கும் சொல்லுவாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. திறந்திருந்த வகுப்புக் கதவைப் பார்த்தாள்.

"அஞ்சு" என்றாள். உடனே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

டீச்சர் கொஞ்சநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பிறகு எழுதினார்.

அன்று சாயங்காலம் அவள் பையை மாட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உயரம் என்பதால் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்களாம். அதைச் சொல்லிவிட்டு, அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, வீட்டுல எனக்கு எத்தன வயசு?"

"ஏழு, மக்ளே" என்றேன். சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்கப்பா. நான் அங்க யார்ட்டயும் சொல்லமாட்டேன்."