மண்வெட்டியால் அளந்த கடை

மண்வெட்டியை நிலத்தில் படுக்க வைக்கிறாள். பிடியின் நுனி முடிகிற இடத்தில் கால் பெருவிரலால் ஒரு கோடு கீறுகிறாள். தூக்கி, அந்தக் கோட்டிலிருந்து மறுபடி படுக்க வைக்கிறாள். பிறகு இடுப்பில் கையூன்றி நின்று, இல்லாத ஒரு கடையை உற்றுப் பார்க்கிறாள்.

"அடுப்பு இங்கிட்டு. இடியாப்பத் தட்டு அங்கிட்டு. நடுவுல நான் குந்திக்கிடலாம். இடம் காணுங்களா மொதலாளி?"

"நேற்று இதிலை கோழிக்கூடெல்லே வைச்சனி? கோழியள் எங்கை?" என்று என் கடை வாசலிலிருந்து கேட்டேன்.

"அது நேத்துங்க."

பரந்தன் சந்தியில் என் சைக்கிள் கடைக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவே எனக்குச் சொந்தமான ஒரு துண்டு வெறுநிலம் கிடக்கிறது. வயலிலிருந்து திரும்பும் பேச்சியம்மா அதை அளக்காமல் வீட்டுக்குப் போவதில்லை. புது யோசனை வந்தால் புது அளவு. நிலம் வளரவுமில்லை, தேயவுமில்லை. அவளுக்கு மட்டும் ஒரு நாள் காணும், ஒரு நாள் போதாது.

மாத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். அவளும் புருசன் மூக்கனும் உடுத்த உடுப்போடு லொறியேறி இங்கே வந்து இறங்கினார்கள். இரண்டாவது மாரியில் மூக்கனைக் காய்ச்சல் கொண்டுபோனது. அன்று தொடக்கம் வயற்கூலி. களை பிடுங்கல், நெல் அரிவி வெட்டு, மிளகாய்ப்பழம் ஆய்தல். விடியுமுன் உழவு இயந்திரம் சந்திக்கு வரும். பின்னாலுள்ள பெட்டியில் பெண்கள் ஏறுவார்கள். யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்பது சாரதி தங்கராசாவின் வாயில் இருக்கிறது.

சேற்றுத் தண்ணீரில் நின்று நின்று அவளுக்கு முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. பெட்டியில் ஏற இன்னொருத்தி கைகொடுக்க வேண்டும். இதைத் தங்கராசா கவனித்துவிட்டான். இப்போது சில விடியற்காலைகளில், "ஆச்சி, இண்டைக்கு ஆள் காணும்" என்று சொல்லி அவளை விட்டுவிட்டு இயந்திரத்தை எடுக்கிறான். முழங்காலை விட அந்த 'ஆச்சி'தான் அவளுக்கு நோவு. தலையில் இன்னும் நரை விழவில்லை.

எதையும் மணந்து பார்ப்பது அவள் பழக்கம். வெற்றிலையை மணப்பாள், புது மண்வெட்டிப் பிடியை மணப்பாள். ஒருநாள் நான் டியூப்புக்கு ஒட்டுப் போட வைத்திருந்த பசையை எடுத்து மணந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "உங்க தொழிலையுந்தாங்க யோசிச்சேன். நாறுது."

யோசனைக்கு அவளிடம் பஞ்சமில்லை. அதைத் தானே வெட்டிச் சாய்க்கவும் தெரியும். ஆடு? "அது போற பக்கமெல்லாம் நான் போவணும். அப்புறம் ஆட்டுக்கு நான் கூலிங்க." கோழி? "கீரிப்புள்ளைக்கு ஆக்கிப் போட என்னால ஆவாது." இடியாப்பம்? அன்று மண்வெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தபிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஊட்டுக்கு ஊடு இவங்களே புழியிறாங்க. நம்ம கையால வாங்கித் திம்பாங்களா?"

நான் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற வந்த எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

சந்தியில் எல்லாரும் அவளுக்குச் சொல்வது ஒன்றுதான்: தேத்தண்ணிக் கடை போடு, தோட்டத்து ஆளுக்கு வேறென்ன தெரியும். நானும் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்பினாள்.

"பொறந்ததுலேருந்து அது என் முதுகுலதாங்க கெடந்துச்சு. இங்கயும் வந்து அதையே தூக்கச் சொல்றீங்களா?"

அவள் தேத்தண்ணி குடித்து நான் கண்டதில்லை. கொடுத்தாலும் வேண்டாள்.

இதற்கிடையில் கனகலிங்கம் என்றொருவன் அந்தத் துண்டு நிலத்தைக் கேட்டு வந்தான். கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை போடப்போகிறானாம். நான் பேச்சியம்மாவிடம் வெளிப்படையாகவே சொன்னேன். "வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரைக்கும் பொறுப்பன். அதுக்குப் பிறகு இதிலை பாட்டுப் பெட்டிதான் கத்தும். நீ தங்கராசாவின்ரை பெட்டியிலை தொங்கிக்கொண்டு திரி."

அவள் கோபிக்கவில்லை. பிள்ளையாரிடம் போனாள்.

எங்கள் பக்கத்தில் மனம் ஒரு முடிவுக்கு வராவிட்டால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு யோசனைக்கும் ஒவ்வொரு நிறப் பூ. இலையில் பொதிந்து சாமியின் காலடியில் போட்டு, கும்பிட்டு, ஒரு பொதியை எடுப்பது. எது வருகிறதோ அதைச் செய்தே ஆகவேண்டும். மீறினால் தெய்வக் குற்றம். ஆட்டுக்குச் செவ்வரத்தை, கோழிக்கு அலரி, இடியாப்பத்துக்குக் கொன்றை. தேத்தண்ணிக்கு வெள்ளை நந்தியாவட்டை.

பொழுதுபட வந்து உள்ளங்கையை விரித்தாள். வாடிய நந்தியாவட்டை.

"உனக்குத்தான் பிடிக்காதே. அதையேன் உள்ளுக்கை வைச்சனி?"

"எல்லாரும் சொன்னாங்களே. சாமிகிட்ட ஒண்ணை மறைச்சுட்டுக் கேட்டா அது கள்ளாட்டங்க." பூவை முந்தானையில் முடிந்தாள். "புள்ளையாரும் உங்க கட்சியில சேந்துட்டாரு."

அன்று அளக்கவில்லை. அடுத்த நாளும் வந்தாள், அந்த நிலத்தைப் பார்க்காமல் நடந்தாள். அதற்குப் பிறகு ஆளையே காணவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் கனகலிங்கம் வந்து பலகை இறக்கலாமா என்று கேட்டான். நாளைக்கு வா என்று அனுப்பினேன்.

பொங்கலன்று வற்றாப்பளைக்குப் போகிறவர்கள் சைக்கிளை என் கடையில் விட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். அதனால் விடியுமுன் வந்தேன். வெறுநிலத்தில் புகை. மூன்று கல், மேலே ஒரு தகரம், தகரத்தில் துருவிய தேங்காய்ப்பூப் போட்டுத் தட்டிய தடித்த ரொட்டி. பக்கத்தில் கரிபிடித்த கேத்தலில் பாலில்லாத தேத்தண்ணி. கூலிப் பெண்கள் சுற்றிக் குந்தியிருந்து, சம்பலைத் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன, கடைசியிலை தேத்தண்ணிதானோ?"

"ரொட்டிங்க மொதலாளி. ரொட்டி வாங்குறவங்களுக்குச் சாயத்தண்ணி சும்மா. சாமி போடத்தானே சொன்னாரு? விக்கச் சொல்லலைங்களே."

"ரொட்டிக்குப் பூவே வைக்கேல்லையே நீ."

"தோணலைங்க. பஸ்ஸுல போற சனந்தான் வாங்கும்னு அவங்களையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். இவளுக வெறும் வயித்தோட ஏறுறாளுக. நானும் அப்படித்தானே ஏறுனேன்? பக்கத்துல குந்துனா இவளுக வயிறு கத்துறது கேக்கும்." ஒரு ரொட்டியைத் திருப்பிப்போட்டு, குனிந்து மணந்தாள்.

தங்கராசா இயந்திரத்தை நிறுத்தி இறங்கி வந்தான். "ஆச்சி, எனக்கும் ஒண்டு போடணை."

"ஆச்சிக்கு இன்னைக்கு ஆள் காணும்."

பெண்கள் வாய்நிறைய ரொட்டியோடு சிரித்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான்.

"சரி, பேச்சியக்கா."

"குந்து. தாறேன்."

அவன் தின்று முடித்துவிட்டுப் போய் ஏறி ஹோர்ன் அடித்தான். பெண்கள் சேலையை உதறிக்கொண்டு பெட்டியை நோக்கி ஓடினார்கள். அந்தச் சத்தத்துக்கு அவளும் எழும்பிவிட்டாள். என் கடைச் சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை அவள் கை பிடித்தும்விட்டது. அப்படியே நின்றாள். இயந்திரம் புகை கக்கிக்கொண்டு நகர்ந்தது. அவள் திரும்பிக் குந்தி, வெளியே சிதறிக்கிடந்த தணலை அந்த மண்வெட்டியால் அடுப்புக்குள் தள்ளினாள்.