படிவத்தின் பின்பக்கம்

விழுப்புரத்தில் தொழிலாளர் நல அலுவலகத்தில் முப்பது வருடம் படிவங்களோடு குடும்பம் நடத்திவிட்டு, ஓய்வு பெற்று திண்டிவனத்தில் வந்து உட்கார்ந்தவன் நான். சும்மா இருக்கும் ஆளைத் தெரு விடுமா? நலச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். சட்டைப் பையில் பேனா இருந்ததைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

போன வருடம் தெருவில் ஒரு வீட்டுத் தண்ணீர் மோட்டார் திருட்டுப் போனது. அதைக் கழற்றித் தூக்கிப் போக இரண்டு தடியன்களாவது வேண்டும். ஆனால் கூட்டத்தில் எல்லோரும் சந்தேகப்பட்டது பாத்திரம் தேய்க்க வரும் பெண்களை. அவர்களுடைய விவரங்களை எழுதி வாங்குவது என்று தீர்மானம். படிவம் தயாரிப்பது என் பொறுப்பு. எத்தனை நாள் பசி! இருபத்திரண்டு கேள்விகள் போட்டேன். ஆதார் எண், அங்க அடையாளம், கணவரின் பழக்கவழக்கம், முன்பு வேலை செய்த வீடுகள், நின்ற காரணம். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள்.

முதல் படிவத்தை எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவரிடமே கொடுத்தேன். ஒன்பது வருடமாக வருகிறார். காலை ஆறரைக்கு வந்தால் மதியம் ஒரு மணி வரை, காய் நறுக்குவதிலிருந்து கழிப்பறை கழுவுவது வரை அவர்தான். "ஒரு வாய் தண்ணிகூடக் கேக்காத பொம்பள" என்று சங்கத்தில் நான் அவரைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வது உண்டு.

மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் விழுப்புரத்துக்குப் போய்விடுவார். அங்கே வீட்டு வேலை செய்கிறவர்களின் சங்கக் கூட்டம். அந்த மாதம் படிவமும் அவரோடு போய்விட்டு, திங்கட்கிழமை திரும்பி வந்தது. இருபத்திரண்டு கேள்விக்கும் பதில் எழுதியிருந்தார். முழங்கை மச்சத்தைக்கூட விடவில்லை.

"பின்னாடி நீங்க ரொப்பணும் சார்."

திருப்பினேன். நீல மையில், அவர் கையெழுத்தில், எண் போட்டுக் கேள்விகள்.

"நானா?"

"எங்களப் பத்தி நீங்க தெரிஞ்சிக்கினா, உங்களப் பத்தி நாங்க தெரிஞ்சிக்க வேணாமா? கூட்டத்துல பேசிக்கினோம்."

"சத்தமா படிங்க, நானும் கேக்கறேன்" என்று என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

வீட்டில் குடிப்பவர் உண்டா? இல்லை என்று எழுதினேன். மனைவி தொண்டையைச் செருமினாள். 'எப்போதாவது' என்று திருத்தினேன். வார லீவு எந்தக் கிழமை? ஞாயிறு. மாதம் ஒரு ஞாயிறுதான் இதுவரை விட்டிருக்கிறோம் என்பது எழுதும்போதுதான் உறைத்தது. வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிய, வேலை கொடுப்பவராகக் கையெழுத்துப் போடுவீர்களா? ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட நான், என் வீட்டில் வேலை செய்கிறவரிடம் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. அடுத்தது கேள்வியே இல்லை: 'நின்றுகொள்வதானால் ஒரு மாதம் முன்னால் சொல்வேன். நிறுத்துவதானால் நீங்களும் சொல்ல வேண்டும்.' நியாயம்தான் என்று டிக் அடித்தேன்.

ஏழாவது: 'நான் எந்தக் கக்கூசுக்குப் போவது?'

சிரித்துவிட்டேன். "இதெல்லாமாம்மா எழுதுவாங்க? இத்தினி நாளா எங்க போன?"

"எங்கயும் போவல சார்."

சிரிப்பு பாதியில் நின்றது.

"வூட்டுலேர்ந்து கெளம்பறப்பவே தண்ணி குடிக்க மாட்டேன். குடிச்சாதான பேஜாரு. மதியானம் வூட்டுக்குப் போயித்தான் எல்லாம்."

"ஏம்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீங்களும் சொல்லல, நானும் கேக்கல" என்றார், கோபமே இல்லாமல். "இப்ப ஆஸ்பத்திரில, கிட்னில கல்லு இருக்குதுன்னுட்டாங்க. மூணு லிட்டர் குடிச்சே ஆவணுமாம். குடிச்சா இங்க வேல செய்ய முடியாது, வேல செஞ்சா குடிக்க முடியாது. தோதுப்படலன்னா சொல்லிடுங்க சார். இன்னிலேர்ந்து ஒரு மாசம்."

நான் சர்க்கரைக்காரன். பேப்பர் படித்து முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்து போவேன். ஒவ்வொரு முறையும் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த இவரைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். "கொஞ்சம் நகரும்மா, அவசரம்" என்று விரட்டியும் இருக்கிறேன். ஒன்பது வருடம்! நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்தப் பெருமை, ஒரு மனுஷி ஆறரை மணி நேரம் அடக்கிக்கொண்டு நின்றது. மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதும் என் கை, பழக்கத்தில், கொல்லையில் இருக்கும் பழைய கக்கூசை நினைத்து 'வெளியே உள்ளது' என்று எழுதியது.

எட்டிப் பார்த்தவர், "அதுல மல்லாட்ட மூட்டையும் உங்க பழைய பேப்பரும் இருக்குது சார்" என்றார். வேர்க்கடலை மூட்டையை அங்கே போட்டு வைத்ததே நான்தான். பிறகு, கொஞ்சம் மெதுவாக, "உள்ள இருக்கறத தெனமும் கழுவறது நான்தான?"

குறைந்தபட்சக் கூலி தெரியும், வாரியம் தெரியும், சட்டம் பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவேன். எழுதியதை அடித்துவிட்டு, 'உள்ளே உள்ளது' என்று எழுதினேன்.

"அதுல தாப்பா இல்லியே சார்."

உண்மைதான். தாழ்ப்பாள் உடைந்து இரண்டு வருடம். வெளியே வந்து நிற்பவர் இருமினால் உள்ளே இருப்பவரும் இருமிக் காட்டுவது எங்கள் வீட்டு ஏற்பாடு.

"நாங்க இருமிக்குவோம்மா."

"நீங்க புருஷன் பொஞ்சாதி. நானும் இருமிக்கினே உக்காரணுமா?"

மனைவி குபுக்கென்று சிரித்துவிட்டாள். கண்ணில் நீரும் வந்துவிட்டது. நான் 'தாழ்ப்பாள் இன்றே பொருத்தப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரும்புக் கடைக்குப் போய் வாங்கிவந்து நானே மாட்டினேன். கோணல்தான். ஆனால் தாழ் சரியாக விழுந்தது.

அவர் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். எங்கள் வீட்டில் அவர் தண்ணீர் குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அரை மணி கழித்து எனக்கு அவசரம். போனால் கதவு சாத்தியிருந்தது. பழக்கதோஷம், வெளியே நின்று இருமினேன்.

"ஆளு இருக்குது சார்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.